நாலு சேலை போதுமாம்

குவைத்திலிருந்து லீவில் வந்த முகம்மது மைதீன், புருஷன் கொடுத்தனுப்பிய விசாவைக் கொடுத்துவிட்டுப் போன அன்றைக்கே கோமதித்தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. விசாவைப் பற்றி அல்ல; அது அரபியில் இருந்தது, அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவன் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போன சாமான்களைப் பற்றி.

"காசிராஜன் சொல்லச் சொன்னான் தங்கச்சி. நாலு சேலை போதுமாம். மங்கலான கலரா இருந்தா நல்லதாம். ஜாக்கெட்டுக் கை முழங்கைக்குக் கீழ வரணுமாம். பாத்திரம் பண்டம் ஒண்ணும் வேண்டாம், அங்கன எல்லாம் இருக்கு. நகையவும் இங்கனயே வச்சிட்டு வரச் சொன்னான். தாலிச் செயின் மட்டும் போதுமாம். பொறவு…" மைதீன் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கொலுசு வேண்டாமாம்."

"கொலுசா? அது என்ன செஞ்சிச்சு?"

"எனக்கென்ன தெரியும்? அவன் சொன்னதச் சொல்லுதேன்."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான். கடையநல்லூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

கல்யாணமான இரண்டாவது வருஷமே காசிராஜன் குவைத்துக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பணக்கார வீட்டில் கார் ஓட்டினான். இடையில் இரண்டு தடவை லீவில் வந்தான். குழந்தை இல்லை. கோமதித்தாய் சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு கூட்டுறவு பண்டகசாலையில் பில் போடும் வேலைக்குப் போய் வந்தாள். போன லீவில் வந்தபோது அவன், "இனிமே இப்படித் தனித்தனியா கெடக்க முடியாது கோமதி. ஒனக்கும் விசா எடுக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தாள். இட்லிக் கொப்பரை, இரும்பு தோசைக்கல், சின்ன அரிவாள்மணை, புளியங்குடி எலுமிச்சங்காய் வாங்கிப் போட்ட ஊறுகாய், அம்மன் கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம். எல்லாம் உள்அறையில் பாயின் மேல் பரப்பிக் கிடந்தன.

அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாத மனுஷன் அவன். சாப்பாடு எங்கே என்று கேட்டபோதெல்லாம், "நம்ம ஊர்க்காரங்க மெஸ் இருக்கு" என்றுதான் சொல்லியிருக்கிறான். மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் வீட்டில் எல்லாம் எப்படி இருக்கும்? வாங்கி வைத்தது யார்? கொலுசுச் சத்தம் யார் காதுக்கு ஆகாது?

சாயங்காலம் நாத்தனார் வள்ளித்தாய் வந்தாள். காசிராஜனுக்கு மூத்தவள், பக்கத்துத் தெருவில்தான் வீடு. மைதீன் வந்துபோன செய்தி அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது. கோமதித்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். வள்ளித்தாய் தோசைக்கல்லைத் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, நான் சொல்லுதேன்னு தப்பா எடுக்காத. பாத்திரம் இருக்குன்னா, அதத் தேய்க்க ஒருத்தி இருக்கான்னு அர்த்தம்."

"மைனி, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க."

"நான் என் தம்பிய வச்சுத்தான் சொல்லுதேன். நல்லவன்தான். ஆனா அஞ்சு வருசம்ட்டி." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நகைய என்ன செய்யப் போற? வீட்டப் பூட்டிப் போட்டுட்டு உள்ள வச்சிட்டுப் போக முடியாதுல்லா. எங்கிட்டக் குடு. பீரோவுல வச்சிருக்கேன்."

கோமதித்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். நகையை விட்டுவிட்டு வா என்று தம்பி அங்கிருந்து சொல்கிறான். எங்கிட்டக் கொடு என்று அக்கா இங்கே கேட்கிறாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ? அந்த நகை அவள் அப்பா இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசலில் பருத்தி போட்டுச் சேர்த்துக் கொடுத்தது.

"பாப்போம் மைனி" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த இரண்டு நாளும் பண்டகசாலையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஆளுக்குப் பாமாயில் என்று போடவேண்டிய இடத்தில் மண்ணெண்ணெய் என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். ராஜினாமா எழுதிக் கொடுக்கவேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் கடையநல்லூருக்கு பஸ் ஏறினாள்.

பஸ் புளியங்குடியில் எலுமிச்சை மூடைகளை ஏற்றுவதற்காக வெகுநேரம் நின்றது. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். மைதீன் வீட்டில் போய் என்ன கேட்பது? என் புருஷன் அங்கே யாரையும் வைத்திருக்கிறானா என்றா?

மைதீன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அவன் மனைவி ஆயிஷம்மாள்தான் இருந்தாள். கோமதித்தாயைவிட நாலைந்து வயது மூத்தவள். முகம் மலர உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். ரோஸ்மில்க் கலந்து கொடுத்தாள்.

கோமதித்தாய் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள். "சாமான் எடுத்து வச்சிக்கிட்டிருக்கேன் அக்கா. ஒரு சந்தேகம் கேக்கலாம்னு வந்தேன். கொலுசு வேண்டாம்னு அண்ணாச்சி சொன்னாக. அங்கன அது போடக் கூடாதோ?"

"அதெல்லாம் இல்ல மக்கா. தாராளமாப் போடலாம். அந்தப் பெரியம்மாவுக்குத்தான் சத்தம் ஆகாதாம். பாவம், படுத்த படுக்கை. ஒரு கரண்டி கீழ விழுந்தாக்கூடத் தூக்கிப் போட்டு முழிச்சிரும்னு இவுக சொன்னாக."

"எந்தப் பெரியம்மா?"

"அதான், உங்க வீட்டுக்காரர் கார் ஓட்டுற வீட்டம்மாவோட உம்மா. நீ பாத்துக்கிடப் போறியே, அவுகதான்." ஆயிஷம்மாள் மகிழ்ச்சியோடு தொடர்ந்தாள். "அல்லா ஒனக்கு நல்ல வழி காட்டிட்டான். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வீட்டுல வேலை. எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் இவுகளோட அப்படிப் போயிருந்தா…"

கோமதித்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஆயிஷம்மாளின் பேச்சு நின்றது.

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"யா அல்லா!" ஆயிஷம்மாள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

மைதீன் வந்தபோதும் ஆயிஷம்மாள் முக்காட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. வாசலிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"மறைக்கணும்னு எனக்கு ஆசையில்ல தங்கச்சி. முன்னாடியே சொன்னா வரமாட்டா, வந்து பாத்தா சரிக்கட்டிக்கிடுவான்னு சொன்னான். எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டான்."

"அப்போ நான் குடும்பம் நடத்தப் போகல. வேலைக்காரியாப் போறேன்."

"ரெண்டுந்தான். பின்கட்டுல உங்களுக்குத் தனி ரூம் உண்டு. நான் பாத்திருக்கேன்."

"அந்த ரூமுக்கு உள்பக்கம் தாப்பாள் உண்டா?"

மைதீன் யோசித்தான். "அத நான் பாக்கல."

"பாக்காதத பாத்தேன்னு சொல்லாம இருந்தீகளே, அதுவரைக்கும் சரி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பிறகு நின்று கேட்டாள். "வேற பொம்பள யாரும் அங்கன இல்லையே?"

"குர்ஆன் மேல சத்தியமா இல்ல தங்கச்சி. அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சத்தியத்துக்காக அவளிடம் மறைத்தவன்தானே இவன்.

மைதீனுடைய மச்சான் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அங்கே போன் உண்டு. குவைத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் அந்த நம்பருக்குப் பேசுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை காசிராஜனைப் பேசச் சொல்லி மைதீன் ஏற்பாடு செய்தான். கோமதித்தாய் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, துணி மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூலில் காத்திருந்தாள். மணி அடித்ததும் கடைக்காரர் ரிசீவரைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"கோமதி, நல்லாருக்கியா?"

"அந்தக் கிழவிக்கு என்ன சீக்கு?"

போனில் ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் அவன் குரல் வந்தது. "பக்கவாதம்."

"மலம் மூத்திரம் எல்லாம் படுக்கையிலதானா?"

"ஆமா. நர்ஸ் நிக்க மாட்டேங்கா. வீட்டம்மா யாராவது நல்ல பொம்பள வேணும்னு கேட்டா. நான்தான் ஒன்னச் சொன்னேன். ஒங்க அப்பாவ நீ பாத்துக்கிட்டது எனக்குத் தெரியும்லா. அந்த மாதிரி யாரும் பாக்க முடியாது."

அப்பா படுக்கையில் கிடந்தபோது தூக்கி, துடைத்து, ஊட்டி, கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்திலேயே இருந்தவள் அவள். காசிராஜன் அப்போது லீவில் வந்திருந்தான். வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். அதை மனதில் வைத்திருந்து அங்கே போய்ப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறான், விலையும் பேசியிருக்கிறான்.

"வேலை கேவலம்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"இல்ல."

"பொறவு ஏன் மறைச்சீங்க?"

"கார் ஓட்டுதவன் பொண்டாட்டின்னு ஊருல சொல்லிட்டிருந்தே. நீயும் ஆபீஸ் வேலை பாக்க. வேலைக்காரியா வான்னு எந்த வாய வச்சுக் கேக்க? பேமிலி விசா எனக்குக் கிடைக்காது கோமதி. என் சம்பளத்துக்குக் குடுக்க மாட்டான். இது ஒண்ணுதான் வழி. எனக்கு இங்கன ஒரு வீடு இல்ல, வாசல் இல்ல. பேச ஒரு ஆளு இல்ல." அவன் அழுகிறானா, இரைச்சலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நகைய விட்டுட்டு வரச் சொன்னது ஒங்க அக்காகிட்டக் குடுக்கவா?"

"எவஞ் சொன்னான்? இந்த வீட்டுல ஏதாவது காணாமப் போனா முதல்ல வேலைக்காரங்க பெட்டியத்தான் பாப்பாக. ஓம் நகைய ஓம் நகைன்னு இங்கன எப்படிச் சொல்லி நிரூபிப்ப? அதுக்குத்தான்."

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படிப்பட்ட வீடா அது என்று இப்போது புதிதாக ஒரு பயம் வந்தது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். "அதுக்கு முன்னால ஒங்க அக்காவுக்கு நீங்களே எழுதிப் போடுங்க, நான் என்ன வேலைக்கு வாரேன்னு. எனக்காக ஊருல யாரும் பொய் சொல்ல வேண்டாம்."

கடிதம் வந்து சேர்ந்ததும் வள்ளித்தாய் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "நம்ம குடும்பத்துல எவளாவது அடுத்த வீட்டுல பீ அள்ளியிருக்காளா? போகாத கோமதி. அவனை வரச் சொல்லு" என்று அழுதாள். அழுகை உண்மையாகத்தான் இருந்தது. இருந்தாலும், போகும்போது, "அப்போ நகை இங்கனதானே இருக்கும்?" என்று அவள் கேட்டதைக் கோமதித்தாய் கவனிக்காமல் இல்லை.

அந்த வாரம் அவள் முடிவு செய்தாள். அவனோடு ஒரே கூரைக்கு அடியில் இருக்கவேண்டும் என்ற ஆசை இத்தனைக்குப் பிறகும் போகவில்லை. போய்ப் பார்க்காமல் இங்கே உட்கார்ந்து அவனை நினைத்து நினைத்துச் சந்தேகப்பட்டுக்கொண்டே காலத்தைக் கழிக்கவும் அவளால் முடியாது. ஆனால் ராஜினாமா கொடுக்கவில்லை. சம்பளமில்லாத லீவு ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நகையை பேங்க் லாக்கரில் வைத்தாள்.

பிறகு உள்அறையில் உட்கார்ந்து பெட்டி கட்டினாள். நாலு சேலைக்குப் பதிலாக எட்டு எடுத்தாள். அதில் இரண்டு நல்ல அரக்கு. தோசைக்கல்லும் ஊறுகாயும் உள்ளே போயின. அவன் என்ன சொன்னாலும் அந்த ரூமில் அவர்கள் இருவருக்கும் என்று ஒரு அடுப்பு இருக்கவேண்டும். கொலுசைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்காமல், பக்கத்து வீட்டுப் பூமாரியின் மகளுக்குப் போட்டுவிட்டாள். கொலுசு வேண்டாம் என்றது ஒரு நோயாளிக்காக என்று தெரிந்த பிறகு அவளுக்கு அதில் வருத்தமில்லை. கடைசியில் கடைத்தெருவுக்குப் போய் கெட்டியான ஒரு தாழ்ப்பாளும் திருகாணிகளும் ஒரு சின்னத் திருப்புளியும் வாங்கி வந்து சேலைகளுக்கு நடுவில் வைத்தாள்.

லீவு முடிந்து திரும்பிய மைதீனோடு ரயில் ஏறி மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், பம்பாயில் விமானம். குவைத்தில் கஸ்டம்ஸ்காரன் தாழ்ப்பாளை எடுத்து அப்படியும் இப்படியும் பார்த்தான். மைதீன் அரபியில் ஏதோ சொன்னான். அவன் சிரித்துவிட்டுத் திருப்பி வைத்தான்.

காசிராஜன் வெளியே முதலாளியின் நீளமான காரோடு நின்றான். மெலிந்திருந்தான். அவள் கையைப் பிடிக்க வந்து, சுற்றிலும் ஆட்களைப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். மைதீன் வேறு வண்டியில் போனான். கார் ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று மணல்.

"கோமதி, இன்னொண்ணு சொல்லணும்" என்றான் காசிராஜன். "அடுப்படியிலயும் கொஞ்சம் வேலை இருக்கும்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க."

"வீட்டம்மா காத்துக்கிட்டிருப்பா…"

"நிப்பாட்டுங்க. இன்னும் என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் இங்கனயே சொல்லி முடிங்க. பொறவு வண்டிய எடுப்போம்."

அவன் நிறுத்தினான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னான். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் வெளியே போகலாம். இரண்டு வருஷம் முடியாமல் லீவு இல்லை; அவள் பண்டகசாலையில் எழுதிக் கொடுத்ததோ ஒரு வருஷத்துக்கு. வீட்டம்மா கோபக்காரி, ஆனால் கை நீட்ட மாட்டாள். ரூம் பின்கட்டில் கார் ஷெட்டுக்கு மேலே, ஜன்னல் ஒன்றுதான். அவள் இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். அவன் பதில் சொல்லும்போதெல்லாம் அவன் முகத்தையே பார்த்தாள். கார்கள் சத்தத்தோடு அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"அவ்வளவுதான்" என்றான்.

"நெசமாவா?"

"நெசமா."

"சரி, எடுங்க" என்றாள்.