படிக்கு வெளியே போன உருளைக்கிழங்கு

"வெறும் வாயாலேயே ஒரு சமையலறையைக் காலி செய்தவன் நான், ஒரு கரண்டியைக்கூடத் தொடவில்லை" என்று பூட்டுக்காரரின் மைத்துனர் போகிற இடமெல்லாம் அளந்துகொண்டு திரிந்தார். கப்பல் சமையல்காரராக உலகத்தைச் சுற்றிவிட்டு ஓய்வுபெற்று வந்தவர். அவர் பார்த்ததாகச் சொன்ன திமிங்கிலங்களை வரிசையாகப் படுக்கவைத்தால் கடலில் தண்ணீருக்கு இடம் இருக்காது. ஆகவே யாரும் நம்பவில்லை. பூட்டுக்காரரிடம் கேட்டால், "அவன் புளுகு மூட்டை" என்று முனகிவிட்டுச் சாவியை அராவ ஆரம்பித்துவிடுவார்.

பூட்டுக்காரருக்குச் சந்தேகம் ஒரு தொழில் வியாதி. ஊரார் பூட்டுகள் எவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்று தெரிந்தவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? தன் வாசலுக்கு நாலு பூட்டுப் போட்டிருந்தார். அந்த நாலையும் தாண்டி மகள் மனசுக்குள் ஒருவன் நுழைந்துவிட்டான். டைல்ஸ் ஒட்டுகிறவன், கடல் கடந்து பிழைக்க வந்தவன். கட்டினால் அவனைத்தான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் தீர்ப்புச் சொன்னார்: "இந்த மண்ணுல பிறக்காத எதுவும் என் வாசப்படி தாண்டாது." மகள் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

விருந்துக்கு வந்திருந்த மைத்துனர் பொரியலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப இந்த உருளைக்கிழங்கு எப்படித் தாண்டுச்சு அத்தான்? இதுக்குப் பிறந்த வீடு தென் அமெரிக்கா மலையில்ல?" என்றார்.

இவனுக்கு அந்தப் பையன் என்ன வாங்கிக் கொடுத்திருப்பான் என்பதுதான் பூட்டுக்காரருக்கு முதலில் தோன்றியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து எதிர்வீட்டு வாத்தியாரிடம் விசாரித்தார். ஆமாம் என்றார் வாத்தியார். அவரையும் கைக்குள் போட்டிருந்தால்? மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார். அவரும் ஆமாம் என்றார். இரண்டு பேர் ஒரே பதில் சொன்னால் அது கூட்டுச் சதியாகத்தானே இருக்கும்! நூலகத்து அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த அம்மாளோ கிழங்கோடு நிற்காமல், தக்காளியும் மிளகாயும் அதே அமெரிக்கப் பக்கத்து உறவுக்காரர்கள்தான் என்று காட்டிக்கொடுத்துவிட்டார்.

சொன்ன சொல்லை விழுங்குகிற மனிதரா அவர்? நேரே வந்து கிழங்கு, தக்காளி, மிளகாய்க் கூடைகள் மூன்றையும் தூக்கி வெளிப்படியில் வைத்தார். மைத்துனர் பல் குத்திக்கொண்டே கேரட்டுக்குப் பாரசீகப் பக்கம் என்றார். வெங்காயத்துக்கு மத்திய ஆசியா, அரிசிக்கும் தேயிலைக்கும் சீனா, காப்பிக்கு எத்தியோப்பியா, கோதுமைக்கு மேற்கு ஆசியா. சர்க்கரை தப்பிக்கும் என்று பார்த்தால், கரும்பின் தாய்வீடு நியூ கினியாத் தீவு. ஒவ்வொன்றுக்கும் தெருத்தெருவாக மூன்று சாட்சிகளை விசாரித்துவிட்டுத்தான் வெளியே அனுப்பினார். செருப்புத் தேய்ந்து வார் மட்டும் மிஞ்சியது.

"ஏங்க, அடுப்பையும் விசாரிச்சுட்டு வந்துடுங்க. நானும் அதுவும் சேர்ந்தே கிளம்பிடறோம்" என்றாள் மனைவி.

பொழுது சாய்ந்தபோது உள்ளே உப்பும் தண்ணீரும் இருந்தன, வெளியே ஒரு சந்தையே இருந்தது. பூட்டுக்காரரின் வயிறு துருப்பிடித்த தாழ்ப்பாள்போல் கிறீச்சிட்டது.

அப்போது மழை தூறியது. வேலை முடிந்து அந்த வழியாக வந்த பையன், மூட்டைகள் நனைவதைப் பார்த்து ஓடிவந்தான். மாவு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டவன் படி ஏறாமல் நின்றான்.

"நனையுது மாமா. எங்க வைக்கட்டும்?"

இதில் என்ன சூழ்ச்சி என்று பூட்டுக்காரர் அவனை மேலும் கீழும் கண்ணால் துழாவினார். அவன் முகத்தில் மழைத்தண்ணீரும் சிமெண்டும்தான் இருந்தன. கதவோரம் மகள் எட்டிப் பார்த்தாள்.

"சமையல்கட்டுல வை" என்றார். பிறகு, "உருளைக்கிழங்கை முதல்ல கொண்டா" என்றார்.

பெண் கேட்டுப் பையனின் அம்மா கப்பலேறி வந்த அன்று, மைத்துனர் வழக்கம்போலச் சமையலறையைக் காலி செய்த தன் பெருமையை அவிழ்த்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "என் பையன் வேண்டாம்னு சமையல்கட்டையே வெளியில வச்சீங்களா?" என்று பூட்டுக்காரரையே கேட்டாள். புளுகு என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடந்ததுதான் சம்பந்தியம்மா" என்றார் பூட்டுக்காரர்.