ஏறக் கூடாத தொட்டி

பண்டத்தரிப்பில் கனகசபாபதியர் வீட்டுக்குப் போன எவரும் தண்ணீர் குடிக்காமல் திரும்பியதில்லை. தாகம் இருக்கிறதா என்று அங்கே கேட்பதில்லை. மலாயா றெயில்வேயில் முப்பது வருடம் உழைத்துப் பென்சனோடு வந்த மனிதர், அடுப்படிச் சுவரில் பித்தளைப் பைப்பு ஒன்று பூட்டியிருந்தார். திருகினால் தண்ணீர் வரும். ஊரில் வேறெந்தச் சுவரிலும் வராது. வாரம் இருமுறை புளி போட்டு மினுக்கியதில், அதில் தன் முகத்தைக் கண்ட பக்கத்து வீட்டுப் பூனை அன்றோடு ஊரை விட்டே போய்விட்டது.

அன்று காலை கோப்பி போட அந்தப் பைப்பில் கேத்தலை நிரப்பிய மனைவி மகாதேவிக்குக் குமட்டியது. ஊறிய பழஞ்சாக்கின் மணம். அவள் வாய் திறக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் ஒருமுறை சொன்னபோது, கோலாலம்பூரில் வெள்ளைக்காரன் குடிக்கிற முறை இது, உன் மூக்குக்கு என்ன தெரியும் என்று கணவர் கேட்டிருந்தார். அன்றிலிருந்து அவள் கிணற்றடிக்குப் போய், துலாவில் அள்ளி, ஒளித்துக் குடித்து வந்தாள். கனகசபாபதியரோ கொதித்த கோப்பியைத் தவிர எதையும் தொடமாட்டார். ஆக, அந்த வீட்டில் பைப்புத் தண்ணீரை நாள்தோறும் பச்சையாகக் குடித்த ஒரே ஆள், தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் குணலட்சுமி. ஏழு மாதம். வெயில் தாங்காமல் செம்பு செம்பாகக் குடித்தாள். ஊற்றிக் கொடுத்தவர் தகப்பன்.

நான்கு நாளாக அவளுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும். நாவூறு என்று தகப்பன் செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். ஊரே தும்மியது, காய்ச்சல் அசையவில்லை. ஐந்தாம் நாள் வைத்தியம் பார்க்க வந்த சோமசேகரம் அப்போதிக்கரி, நாடி பிடித்த கையை விடாமலே கேட்டார்.

"எங்கை தண்ணி எடுக்கிறியள்? பிழை அதிலைதான். ஓட்டம் நிக்காட்டில், வயித்திலை இருக்கிற பிள்ளைக்கு நான் பொறுப்பில்லை."

கனகசபாபதியர் கொதித்தார். ஊரிலேயே சுத்தமான தண்ணீர் தன்னுடையதுதான் என்றார். சுத்தத்தின் கதை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன், கூரையளவு உயரத்தில், பைப்புக்குத் தண்ணீர் விடும் சீமெந்துத் தொட்டியைக் கட்டியவன் மாதகல் மேசன் யாகப்பு. சாதியும் வேறு, சமயமும் வேறு. மூடி போட வேண்டும், மாதம் ஒருமுறை இறங்கித் தேய்க்க வேண்டும், தானே வருகிறேன் என்று அவன் சொன்னான். உன் கால் பட்ட தண்ணீரையா நாங்கள் குடிப்பது என்று இவர் அவனை அனுப்பிவிட்டார். மூடி போடவும் அவன் திரும்ப ஏற வேண்டுமே, அதுவும் நின்றது. பிறகு, மேசன் தொட்ட தீட்டுப் போக ஐயரைக் கூப்பிட்டுத் தொட்டிக்குத் துடக்குக் கழித்தார். ஐயருக்கு ஏணி பயம். நிலத்தில் நின்றே மஞ்சள் தண்ணீர் எறிந்தார். சொந்தச் சாதிக்காரருக்கோ தொட்டி தேய்ப்பது மரியாதைக் குறைவு. ஏணி அறைக்குள் பூட்டப்பட்டது. தினமும் கைப்பம்பை அடித்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றினார்கள். மேலே எட்டிப் பார்த்தவர் எவருமில்லை.

அப்போதிக்கரி போனதும் மகாதேவி, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று கிழித்து வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஒன்றை எடுத்துப் பைப்பின் வாயில் கட்டித் திறந்துவிட்டாள். இரண்டு வாளி நிறைந்தபின் அவிழ்த்தாள். கரும்பச்சை வழும்பு, சாம்பல் நிற மயிர், ஊசி போல ஓர் எலும்பு. அதை அப்படியே கணவர் முன் விரித்தாள்.

"இதைத்தான் என்ரை பிள்ளைக்குப் பருக்கினனீங்கள். மணக்குது எண்டு தெரிஞ்சும் நான் வாய் பொத்தி இருந்தனான். கிணத்துத் தண்ணியைக் களவாக் குடிச்சனான். உங்களிலும் பாக்க நான்தான் பாவி."

அவள் ஏணி அறைப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு, யாகப்பு மதில் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குத் தானே நடந்தாள்.

"என்ரை கால் படலாமோ, அம்மா?" என்றான் அவன், சாந்துக் கரண்டியைக் கீழே வைக்காமல்.

"கால் பட்டால் கழுவலாம், யாகப்பு. பிள்ளை போனால் எதைக் கழுவுறது?"

அவன் ஏறினான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு குரல் மட்டும் வந்தது. "ஐயா, நோவாவின்ரை பேழை இஞ்சைதான் தட்டி நிக்குது."

மூன்று அணில், ஒரு வௌவால், பாதிக் காகக்கூடு. அடியில் நெல் விதைக்கலாம் போலச் சேறு. தொட்டியை வெறுமையாக்கி, தென்னந்தும்பும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்து, மூன்று முறை அலசி, கம்பி வலை அடித்த மூடி போட்டான். குணலட்சுமிக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். ஆறாம் நாள் ஓட்டம் நின்றது. எட்டாம் நாள் கஞ்சி கேட்டாள். வயிற்றில் பிள்ளை உதைப்பதைத் தாயின் கையை எடுத்து வைத்துக் காட்டினாள்.

அடுத்த மாதம் யாகப்பு தேய்க்க வந்தபோது ஏணியைப் பிடித்தவர் கனகசபாபதியர். இறங்கியவன், குடிக்க வழக்கம்போலக் கையைக் குவித்தான். அவர் விருந்தாளிக்கென்று வைத்திருந்த வெள்ளிக் குவளையை நீட்டினார்.

"இதிலை குடியும், யாகப்பு. தீட்டு உம்மடை காலிலை எண்டு நினைச்சனான். அது ஒருத்தரையும் ஏற விடாத என்ரை தொட்டிக்குள்ளை கிடந்தது. ஆரும் தொடேல்லை எண்டதாலை தண்ணி சுத்தமாகாது. பாத்துக் கழுவினால்தான் சுத்தம்."

யாகப்பு குவளையை வாங்கி, உள்ளே உற்றுப் பார்த்தான்.

"கொதிச்ச தண்ணியோ, ஐயா?"

கனகசபாபதியர் திகைத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம்" என்றாள் மகாதேவி. "இனி இந்த வீட்டிலை அதை ஆரும் கேக்கலாம்."