காலையில் மட்டும் நல்ல பேட்டரி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மருமகளின் லேப்டாப், பேட்டரி நாற்பது சதவீதம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே பொசுக்கென்று அணைந்துபோனது. முப்பத்தொன்பதைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

அவள் கட்டட வரைபடம் வரைகிறவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வேலை எதுவும் அமையவில்லை. இப்போதுதான் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை நேர்முகத் தேர்வு. அவர்கள் பார்க்கப் பார்க்க ஒரு மணி நேரம் லேப்டாப்பில் வரைந்து காட்ட வேண்டும். தெருவிலோ கேபிள் புதைக்கிறோம் பேர்வழி என்று தோண்டிப் போட்டு, நினைத்த நேரத்தில் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இன்டர்நெட்டுக்குப் போன் இருக்கிறது. லேப்டாப்புக்குப் பேட்டரியை விட்டால் வேறு கதியில்லை.

புருஷன் மருந்துக் கடையில் நிற்கிறவன். எதைச் சொன்னாலும் வைத்தியம் சொல்லாமல் விடமாட்டான்.

"எப்பலேருந்து இப்படி?" என்றான்.

"இன்னைக்குத்தாங்க."

"சூடு இருக்கா?"

"லேசா இருக்கு."

"முழுசா இறங்க விட்டு, ராத்திரி பூரா ஏத்து. காலையில எழுந்து உக்காந்துடும். புதுசு வாங்கலாம்னா, வெள்ளிக்கிழமைக்குள்ள வராது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசாம அம்மாவோட லேப்டாப்ப வாங்கிக்கோயேன். ரெண்டும் ஒரே அச்சுதானே" என்றான்.

ஒரே அச்சுதான். ஏதோ ஓர் அலுவலகத்தை மூடும்போது விலை மலிவு என்று இவனே இரண்டாக வாங்கி வந்தவை. பழைய மாடல். அடியில் இரண்டு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். ஒன்று மனைவிக்கு, இன்னொன்று அம்மாவுக்கு. அம்மா தையல்காரர். சாயங்காலம் ஐந்து மணியானால் சாக்கட்டியும் கையுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பார். காய்ச்சல் அடித்த நாளில்கூட அந்த வகுப்பை அவர் விட்டதில்லை.

"அத்தை பொருளை நான் தொடமாட்டேன். அவங்களும் என் பொருளைத் தொட வேண்டாம். அன்னைக்கே சொல்லியாச்சு" என்றாள் மருமகள்.

அன்றைக்கு என்றால், அவள் வந்த புதிது. துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து வரைபடத் தாளை நறுக்கிவிட்டாள். பேப்பர் பட்டால் கத்தரியின் கூர் மழுங்கிவிடும் என்று அவளுக்கு என்ன தெரியும். மாமியார் வீடே அதிரக் கத்த, இவளும் பதிலுக்கு ஒன்று சொல்ல, அத்தோடு வீட்டுப் பொருள்கள் எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. சண்டை என்று இல்லை. பேச்சு மட்டும் அளந்து வரும்.

புதன்கிழமை காலையில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மருமகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வந்தது. முப்பத்தொன்பதும் வந்தது. பன்னிரண்டு வரை ஒழுங்காக இறங்கியது. புருஷன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

பன்னிரண்டிலேயே மூடி வைத்துவிட்டு அவள் கடைக்குப் போனாள். திரும்பி வந்து திறந்தால் தொண்ணூறு காட்டியது. சார்ஜர் மேஜையில் சுருட்டி வைத்தபடியே கிடந்தது. அவள் சார்ஜரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. சாயங்காலம் அது பழையபடி நாற்பதில் அணைந்தது.

"நீ செருகிட்டு மறந்திருப்ப" என்றான் புருஷன்.

"நான் செருகவே இல்லைங்க."

"மறந்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேலைப் பதற்றத்தில் புத்தி தடுமாறுகிறதோ என்று பயமாகவும் இருந்தது. அன்றிரவு, எவனோ வீடியோவில் சொன்னான் என்று, புருஷன் பேட்டரியைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தான். காலையில் அவள் எடுத்துப் பார்த்தபோது அது அவ்வளவாகச் சில்லென்று இல்லை. ஃப்ரிட்ஜும் கெட்டுவிட்டதா என்று கதவைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். பாட்டில் சில்லென்றுதான் இருந்தது. பேட்டரியை மாட்டினால் ஜோராக ஓடியது. பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால், மறுபடியும் நோயாளி.

போதாக்குறைக்கு, பேட்டரியின் ஓரத்தில் நீலமாக ஏதோ தூள். துடைத்தால் விரலில் ஒட்டியது. போனில் படம் எடுத்துப் புருஷனுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"தொடாத. உள்ள இருக்குற ரசாயனம் கசியுதுபோல. போய்க் கைய சோப்புப் போட்டுக் கழுவு."

அவள் மூன்று முறை கழுவினாள்.

எல்லாக் குழப்பத்துக்கும் நடுவில் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. காலையில் பேட்டரிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, சாயங்காலமானால் படுத்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால், "சில பேருக்குக் காய்ச்சல் அப்படித்தான் வரும்" என்றான் புருஷன். போகட்டும், தேர்வு காலையில்தானே என்று அவள் மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே கரண்ட் இல்லை. ஒன்பது மணிக்கு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. தேர்வைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாற்றிவிட்டார்களாம். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கழுத்தில் அளவு டேப்போடு மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை. தேர்வு அஞ்சு மணிக்குப் போயிடுச்சு."

"அஞ்சுக்கா?"

மாமியாரின் முகம் சுருங்கியது. நம் வகுப்பு நேரத்தில் இவள் வேறு பேசித் தொலைப்பாளே என்று நினைக்கிறார்போல என்று மருமகளுக்குச் சுருக்கென்றது. நாளெல்லாம் லேப்டாப்பைத் தொடவே இல்லை. நாலரைக்கும் கரண்ட் வரவில்லை. கண்ணீர் தானாக வந்தது.

மாமியார் மறுபடியும் வந்தார். "போய் மூஞ்சியக் கழுவிட்டு வா. அழுத மூஞ்சிக்கு எவன் வேலை குடுப்பான்?"

கழுவி, தலை சீவி, புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு அறை வீடு ஒன்றை வரையச் சொன்னார்கள். வரையும்போது கண் பாதி கோட்டிலும் பாதி பேட்டரியிலும் இருந்தது. நாற்பது வந்தபோது சமையலறைச் சுவரைப் பாதியில் நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பத்தொன்பது வந்தது. கை அதுவாக மீதிச் சுவரை இழுத்தது.

"திங்கட்கிழமை வேலைக்குச் சேர முடியுமா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் விடைபெற்றபோது இன்னும் இருபத்திரண்டு மிச்சம் இருந்தது. சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் அதே நீலத் தூள்.

லேப்டாப்பும் கையுமாகக் கூடத்துக்கு வந்தாள். மாமியார் அணைந்துபோன திரைக்கு முன்னால் உட்கார்ந்து, போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "பாதியில நின்னுடுச்சும்மா. பேட்டரி போயிடுச்சு. இன்னைக்கு அவ்வளவுதான்." போனைப் பிடித்திருந்த விரல்களில் சாக்கட்டித் தூள் அப்பியிருந்தது. நீலத் தூள்.

மருமகள் அந்த விரலைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள்.

"அத்தை, பேட்டரிய மாத்தி மாத்தி வெச்சது நீங்களா?"

"தேர்வு காலையிலதானே. அதான் என் பேட்டரியக் காலையில உனக்கு, சாயங்காலம் எனக்குன்னு மாத்திக்கிட்டிருந்தேன்."

"ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்தது?"

"அதையும்தான். பேட்டரியப் போய் ஃப்ரிட்ஜுல வெக்கிறான், பைத்தியக்காரன்."

"சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொன்னா வாங்கியிருப்பியா? உன் பொருளத் தொடக் கூடாதுன்ன. அதான் நீ பாக்காதப்ப தொட்டேன்." போனைக் கீழே வைத்துவிட்டு, "வேலை?" என்றார்.

"கிடைச்சிடுச்சு."

மாமியார் தலையை ஆட்டிவிட்டு டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். மருமகள் தன் லேப்டாப்பைக் கவிழ்த்து, கொக்கியைத் தள்ளிப் பேட்டரியைக் கழற்றி மாமியாரிடம் நீட்டினாள்.

"இருபத்திரண்டு இருக்கு. கிளாஸ முடிச்சிடலாம், கூப்பிடுங்க."

திரையில் ஒவ்வொரு முகமாகத் திரும்பி வந்தது. மாமியார் துணியை விரித்துக் கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவளைப் பார்க்காமலேயே கையை நீட்டினார். மேஜையில் பெரிய கத்தரி இருந்தது. மருமகள் கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

"எடுக்கலாமா, அத்தை?"

"எடு. பேப்பர வெட்டாம இருந்தாச் சரி" என்றார் மாமியார்.