முதலாவதா, இரண்டாவதா

எங்கள் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், ஏதோ தேர்வு எழுத வந்தவர்களைப் போலவே நாற்காலியில் அமர்கிறார்கள். சோதனைக்கான கனத்த ஃப்ரேமை அவர்களது மூக்கின்மேல் பொருத்தி, ஒரு லென்ஸைச் செருகி, "இது தெளிவா இருக்கா?" என்று கேட்பேன். பிறகு அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகி, "இல்ல, இதுவா?" என்பேன். எதிரே திரையில் தோன்றும் எழுத்துகளைப் பார்க்க வேண்டியவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். "ரெண்டாவதுதானே சார்?" என்பார்கள். தவறாகச் சொன்னால் நான் மனம் வருந்துவேனோ என்ற கவலை அவர்களுக்கு.

அத்தகையவர்களுக்காக நான் ஓர் உபாயம் வைத்திருக்கிறேன். லென்ஸை எடுப்பதுபோல் எடுத்து, மறுபடியும் அதையே செருகுவேன். "ஆமா சார், இது இன்னும் நல்லா இருக்கு" என்று பதில் வந்தால், அவர் பார்ப்பது எழுத்தை அல்ல, என்னை என்று புரிந்துகொள்வேன். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாதபடி சமன்செய்துகொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். இதை என் மகளுக்கு நான் ஒருபோதும் கற்றுக்கொடுத்ததில்லை. கடை மேசையின் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள், பார்த்தே தெரிந்துகொண்டாள். அதை எங்கள்மீதே பிரயோகிப்பாள் என்பதைத்தான் நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை.

கண் பார்வை தொடர்பான பட்டப்படிப்புக்கு அவளுக்கு வெளிநாட்டில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. இரண்டும் ஒரே நாட்டில் உள்ளவை என்றாலும், ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு நகரங்களில் இருந்தன. ஒன்று கடலோரத்தில், மற்றொன்று மலையடிவாரத்தில். அவற்றின் பெயர்கள் எங்கள் நாக்கில் சரியாகப் புரளாத காரணத்தால், வீட்டில் கடல் ஊர், மலை ஊர் என்றே வழங்கிவந்தோம். பந்தாட்டத்திலிருந்து பாலத்தின் நீளம்வரை அந்த இரு ஊராரும் போட்டி போட்டுக்கொள்வார்களாம். அங்கேயே பிறந்தவர்களே அப்படி என்றால், குடியேறியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடல் ஊரில் என் மனைவியின் தங்கை, அதாவது என் மகளின் சித்தி, ஒரு மருந்துக்கடையில் பணிபுரிகிறார். மலை ஊரில் என் அக்கா தனியாக வசிக்கிறார், தையல் ஆசிரியை. எங்கள் திருமணத்தின்போது இந்த இருவரும் ஒரே கண்ணாடி முன் நின்று ஒருவர் தலையில் மற்றவர் பூ வைத்துவிட்டவர்கள். இப்போதோ ஒருவர் ஊரை மற்றவர் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள்.

"அங்க பஸ் ஸ்டாப்புக்குப் போகவே மலை ஏறணும் மாமா," என்பார் சித்தி. "புள்ள படிக்கப் போறாளா, ஆடு மேய்க்கப் போறாளா?"

இதை அக்காவிடம் சொல்லிவிடக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சித்தியே முந்திக்கொண்டு தொலைபேசியில் சொல்லியிருப்பார். அடுத்த அழைப்பு அக்காவிடமிருந்து வரும்.

"டேய், அவ ஊருல காத்து அடிக்கிற அடியில ஒரு கையால தலைமுடியைப் பிடிச்சுக்கணும், ஒரு கையால துப்பட்டாவைப் பிடிச்சுக்கணும். புத்தகத்தை யாருடா பிடிப்பா?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் மலை ஊருக்குப் போக வேண்டும் என்பதே என் விருப்பம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பள்ளியில் படித்த நாளில் என் சட்டைப் பொத்தான்களையெல்லாம் தைத்துக் கொடுத்தவர் அவர். என் மகளும் அந்தக் கைகளுக்கு அருகில் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் அதை நான் எப்படி வாய்விட்டுச் சொல்வது? என் மனைவி இத்தனை ஆண்டுகளாக என் வீட்டாரை அனுசரித்து வாழ்ந்தவர். இந்த ஒரு விஷயத்திலாவது அவருடைய பக்கம் வெல்லட்டும் என்று எண்ணினேன். ஆகவே நாள் தவறாமல் கடல் ஊரைப் புகழ்ந்தேன்.

"கடல் காத்து உடம்புக்கு ரொம்ப நல்லதாமே," என்பேன் காலை உணவின்போது.

"மலைக்காத்துக்கு என்ன குறைச்சல்?" என்பார் என் மனைவி. "நெஞ்சுல சளியே கட்டாதாம்."

அவருக்கு மலை ஊர் இவ்வளவு பிடித்துப்போனது எனக்கு வியப்பாகவே இருந்தது. இருந்தும் விடாமல், துறைமுகத்தில் கப்பல்கள் வரும் அழகைச் சொல்வேன். அவர் மலையில் பனி இறங்கும் அழகைச் சொல்வார். நாங்கள் இருவரும் கடலையும் பார்த்ததில்லை, மலையையும் பார்த்ததில்லை என்பதை இங்கே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடுவில் அமர்ந்திருக்கும் மகளிடம், "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள். என் நாற்காலியில் அமர்கிறவர்கள் இப்படிச் சொன்னால் அதற்குப் பொருள் இரண்டுதான்: உண்மையிலேயே வேறுபாடு தெரியவில்லை, அல்லது கேள்வி கேட்டுக் கேட்டு நாம் அவர்களைக் களைப்படையச் செய்துவிட்டோம். மகள் விஷயத்தில் முதலாவதுதான் என்று நான் நம்பிவிட்டேன்.

எந்தக் கல்லூரி என்பதை வெள்ளிக்கிழமை மாலைக்குள் உறுதிசெய்தாக வேண்டும். தவறினால் இரண்டு இடமும் கைவிட்டுப் போகும். வியாழக்கிழமை பகல் உணவுக்குப் பின், கடையில் வாடிக்கையாளர் எவரும் இல்லாத நேரத்தில், என் மகள் சோதனை நாற்காலியைத் தட்டிக்காட்டினாள்.

"அப்பா, உட்காருங்க. ரெண்டு நாளா தலைவலின்னு சொல்றீங்கல்ல. பவர் பார்த்துடலாம்."

நான் அமர்ந்தேன். என் மூக்கின்மேல் கனத்த ஃப்ரேமைப் பொருத்தினாள். மனைவி சற்றுத் தள்ளி நின்று, மெல்லிய துணியால் ஃப்ரேம்களைத் துடைத்துத் தாங்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். திரையில் எழுத்துகளுக்குப் பதிலாக ஒரு தெருவின் படம் தோன்றியது. ஈரமான சாலை, வரிசையாக நிறுத்திய சைக்கிள்கள், ஒரு ரொட்டிக் கடை.

"இது கடல் ஊரு. காலேஜுக்குப் பின்னாடி தெரு," என்றாள். பிறகு படத்தை மாற்றினாள். மாலை வெயில், சாய்ந்த நிழல்கள், மறுபடியும் சைக்கிள்கள். "இது மலை ஊரு. அம்மா, நீயும் பாரு. எது நல்லா இருக்கு? முதலாவதா, ரெண்டாவதா?"

"முதலாவது," என்றேன் உடனே. "வெளிச்சத்தைப் பாரேன். கடல் பக்கம்னா வெளிச்சமே தனி."

"ரெண்டாவது," என்றார் மனைவி. "நடைபாதை எவ்வளவு அகலம் பாருங்க. பொம்பளப் புள்ள தனியா நடக்கணும்ல. முதல் படத்துல நடைபாதையே நெருக்கடியா இருக்கு."

"ஆனா முதல் படத்துல தெரு சுத்தமா இருக்குங்க."

"ரெண்டாவதுல அதைவிடச் சுத்தம்."

மகள் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்தாள். "அந்தப் பச்சைக் கதவைப் பாருங்க. முதல் படத்துல இடது பக்கம் இருக்கு. ரெண்டாவதுல வலது பக்கம். மேல கைப்பிடி உடைஞ்சிருக்கு, ரெண்டுலயும்."

நாங்கள் பார்த்தோம்.

"ஒரே தெருதான். ஒரு முனையில நின்னு காலையில எடுத்தது, இன்னொரு முனையில நின்னு சாயங்காலம் எடுத்தது. கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க. இவ்வளவு பெரிய கதவு ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியல."

"அப்போ இது கடல் ஊரா, மலை ஊரா?" என்றார் மனைவி மெதுவாக.

"ரெண்டும் இல்ல. வேற ஏதோ நாட்டுல ஏதோ ஒரு தெரு."

ஒரே லென்ஸை இரண்டு முறை செருகிவிட்டாள். நான் ஃப்ரேமைக் கழற்றவும் தோன்றாமல் அமர்ந்திருந்தேன்.

"அப்பாவுக்கு மலை ஊரு வேணும்," என்றாள் மகள். "அத்தை எனக்குன்னு ஒதுக்கின ரூமைப் போன்ல காட்டினப்ப முகம் எப்படி மலர்ந்துச்சுன்னு நான் பார்த்தேன். அம்மாவுக்குக் கடல் ஊரு வேணும். சித்தி பேரைக் கேட்டாலே குரல் மாறுது. ஆனா ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுறீங்க. நீங்க ஊரையே பார்க்கல. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துட்டு இருக்கீங்க."

மனைவி துணியை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மலை ஊரா பிடிச்சிருக்கு? அப்புறம் எதுக்குத் தினமும் கப்பல் கப்பல்னு என் உயிரை வாங்கினீங்க?"

"உங்க தங்கச்சி இருக்குற ஊராச்சேன்னு..."

"நான் உங்க அக்காவுக்காகத்தானே பனி, மூடுபனின்னு தேடித் தேடிப் படிச்சேன். எனக்குப் பனின்னாலே தும்மல் வரும்."

"பிடிக்காத பனியைப் புகழ வச்சதுக்கு மன்னிக்கணும்," என்றேன்.

"பாரு," என்றார் மனைவி மகளிடம். "இப்பவும் மன்னிப்புத்தான் கேக்குறார்."

மகள் சிரிக்கவில்லை. "நான் எதைச் சொன்னாலும் ஒருத்தருக்கு மனசு கஷ்டப்படும், ஆனா அவர் அதை வெளிய காட்ட மாட்டார். அதான் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டே இருந்தேன். அங்க போய்ப் படிக்கப்போறது நான். உங்க மரியாதைக்குள்ள போய் நான் குடியிருக்க முடியாது." பிறகு என்னை எழுப்பிவிட்டு, தான் நாற்காலியில் அமர்ந்தாள். "என்னை ஒரு தடவை கேளுங்கப்பா. கடைக்கு வர்றவங்களைக் கேக்குற மாதிரி."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். என் தொழிலில் நான் பெருமைப்படத்தக்கது ஏதேனும் உண்டென்றால், அது அந்தச் சமமான குரல்தான். அன்று அதைக் கொண்டுவருவது எளிதாக இல்லை. அக்காவின் முகம் நடுவில் வந்து நின்றது. அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டேன்:

"கடலா, மலையா?"

"கடல்."

என் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அத்தனை விரைவாக வருகிற பதிலை நான் எப்போதும் நம்புவேன்.

"அங்க முதல் வருஷத்துலயே குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்கப்பா," என்றாள். "பேச்சே வராத குழந்தைங்க. அவங்ககிட்ட இதுவா அதுவான்னு கேக்க முடியாது. கண்ணுக்குள்ள லைட் அடிச்சு நாமளே பார்த்துத் தெரிஞ்சுக்கணும். மலை ஊருல லென்ஸ் செய்யறதைத்தான் நிறைய சொல்லிக் கொடுக்குறாங்க. அது எனக்கு வேண்டாம்." சற்று நிறுத்தினாள். "இடம் கிடைச்ச அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வருத்தமாப்பா?"

'சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்ற சொற்கள் வழக்கம்போல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டன. நான் வாதாடிய ஊர் வென்றுவிட்டது. நான் ஆசைப்பட்ட ஊர் தோற்றுவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன் எந்தப் பதிலைச் சொல்லியும் தப்ப முடியாது.

"கொஞ்சம் வருத்தம்தான்," என்றேன்.

"அப்பாடா," என்று அவள் எழுந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "இப்போதான் நீங்க எழுத்தைப் பார்க்குறீங்க."

என் மனைவி மறுபடியும் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த ஃப்ரேமையே குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். முகம் தெரியாவிட்டாலும் தோள்கள் அவரைக் காட்டிக்கொடுத்தன.

"சிரிச்சுக்கோங்க," என்றேன். "எனக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் எங்க சிரிச்சேன்?"

"இனியும் துடைச்சீங்கன்னா லென்ஸ் தேய்ஞ்சு தூரப்பார்வை கிட்டப்பார்வையா மாறிடும்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு ஃப்ரேமை வைத்துவிட்டு அருகில் வந்து, "அண்ணிகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

தொலைபேசியில் அழைத்ததும் அக்கா எடுத்த எடுப்பில், "என்னடா, எப்போ கிளம்பறா?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"அவ ரூம் ஜன்னலுக்குத் திரைச்சீலை தச்சிட்டு இருந்தேன்டா," என்றார்.

"எனக்கும் அவ அங்க வரணும்னுதான் ஆசைக்கா."

"அப்போ ஏன்டா இத்தனை நாளா எங்கிட்டகூடக் கடலைத் தூக்கிவச்சுப் பேசினே?"

பதிலுக்கு அக்கா காத்திருக்கவில்லை.

"மக்கு, மக்கு. சரி, திரைச்சீலை எங்கயும் போயிடாது. லீவுக்கு வருவால்ல, மாட்டி வைக்கிறேன். இதைக் கேளு. அந்த ஊரு காத்துல குடை பின்பக்கமா திரும்பிக்கும். இங்க ஒரு கடையில எந்தக் காத்துக்கும் அசையாத குடை இருக்கு. மலை ஊருக் குடை. வாங்கி அனுப்புறேன். அவ சித்தி வீட்டு முன்னாடி அதைப் பிடிச்சுட்டு ரெண்டு தடவை நடக்கச் சொல்லு, போதும். என்ன நிறம் வேணுமாம்? நீலமா, பச்சையா?"

"எதுவானாலும் பரவாயில்லைக்கா, உங்களுக்குச் சிரமம் இல்லாத..." என்று நான் தொடங்கினேன்.

மகள் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"பச்சை, அத்தை."