நுனி செருகிய கட்டு

மேஸ்திரி தெய்வசிகாமணிக்கு நான் தர வேண்டிய பாக்கி பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய். கரும்பு வெட்ட வாங்கிய முன்பணம். ராஜாங்கமும் அவரிடம் முன்பணம் வாங்கியவன்தான். போன மாசம் மணலூர்பேட்டை பக்கத்துத் தோட்டத்தில், கரும்பின் இலையான சோகைக் குவியலுக்கு அடியில் பிணமாகக் கிடந்தான்.

கால்கள் பச்சைச் சோகையால் கட்டப்பட்டிருந்தன. வெட்டிய கரும்பையும் நாங்கள் சோகையால்தான் கட்டுவோம். ஆளுக்கு ஆள் முடிச்சு மாறும். அவன் காலில் இருந்தது இரண்டு முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே செருகிய கட்டு. எங்கள் கூட்டத்தில் அப்படிக் கட்டுகிறவர் மேஸ்திரி ஒருவர்தான். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. போலீசு கேட்டபோது பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

"முந்தா நாளுதாங்க, மேஸ்திரி கடன தள்ளிட்டாருன்னு இவரு ஜிலேபி வாங்கினு வந்தாரு" என்று அவன் பெண்சாதி செல்லியம்மாள் அழுதது மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். பேசப் பயந்ததை எழுதினேன். கள்ளக்குறிச்சியில் வாரப் பத்திரிகை நடத்தும் கவியரசன் படித்துவிட்டு நிமிர்ந்தார். கட்டியவர் பேரைச் சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட கூட சொல்லாதீங்க. பேர இப்பவே போட்டா அடுத்த வாரம் எவன் வாங்குவான்? 'அந்தக் கட்டு யாருடையது என்று எனக்கு மட்டும் தெரியும்'னு முடிங்க. படிக்கிறவன் வயித்துல புளிய கரைக்கணும்."

அப்படியே முடித்தேன்.

என் பேர் போட்ட பத்திரிகை வந்த மறுநாள் காலை, அதை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் மேஸ்திரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பேரைப் போட்டிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும்; என்னைக் கொன்று அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இருந்திருக்காது. இப்போது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"இன்னா பச்சமுத்து, பெரிய எழுத்தாளராயிட்ட! யாருன்னு சொல்லேன்பா, ராவெல்லாம் தூக்கமே வர்ல."

கடையே சிரித்தது.

தோளில் கை போட்டுக் குரலைத் தணித்தார். "உன் கடன தள்ளிட்டேன். பைசா தர வேணாம். நாளைக்கு ஆத்தோரத் தோட்டத்துல ஒரு வேல கீது. நீ மட்டும் வா."

ஜிலேபி நினைவுக்கு வந்தது. அடுத்த இதழ் வர இன்னும் ஒரு வாரம். எழுந்தேன்.

"ராஜாங்கம் கால கட்னது நீங்கதாங்க மேஸ்திரி" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. "அவன் கடனையும் இப்டிதாங்க தள்ளுனீங்க."