கெடாவின் உத்தரவுக்கு வந்த ஆராய்ச்சி

"நெத்தியில தண்ணி ஊத்துனாக் கெடா துலுக்காதுங்க. முதுகுல ஊத்தோணும்."

"முதுகுலதானுங்கம்மா ரெண்டு சொம்பு ஊத்தியாச்சு. அதுபாட்டுக்கு நிக்குது. வெயிலுக்கு எதமா இருக்குதாட்ட இருக்குது" என்றார் தறிக்காரர் சண்முகவேல், காலிச் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தபடி.

முதலில் பேசியவர் முத்தாயம்மாள். கடலைக்காய் மண்டியில் சம்பாதித்ததில் பாதியை ஒதுக்கி, முப்பத்தேழாம் வருஷம் வெண்ணந்தூரில் விஞ்ஞான ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்தவர். லாபம் பார்க்காத கட்டளை. சர்க்காருக்கும் கட்டுப்படாது, மிட்டாதாருக்கும் கட்டுப்படாது. புதிதாக எதையாவது கண்டறிய உழைப்பவனுக்கு உதவும். அவரும் சண்முகவேலும் விவசாயி பச்சமுத்துவும்தான் நிர்வாகிகள்.

நான் மனுப் போட்டவன். கடலைக்காட்டை மொட்டையடிக்கும் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சி எந்த நிற வெளிச்சத்தைத் தேடி வருகிறது என்பது என் ஆராய்ச்சி. ஆறு விளக்குகளும் ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும். முதல் கனமழை பெய்த அன்று மாலைதான் பூச்சி மண்ணைவிட்டுக் கிளம்பும். தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். போதமலை மேல் அப்போதே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

கணப்பு எரியும் அறையில் நரைத்த தாடிப் பேராசிரியர்கள் என் மனுவைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பார்கள் என்று, மொழிபெயர்ப்பு நாவல்களை நம்பிக் கனவு கண்டிருந்தேன். இங்கே இருந்தது ஒரு வேப்பமரம், ஒரு கறுப்பு ஆட்டுக் கெடா.

"ஏனுங்கம்மா, நீங்களே மனுவப் படிச்சு முடிவு பண்ணக்கூடாதுங்களா?"

"அதெப்படிக் கண்ணு? நீ பச்சமுத்துக்கு மச்சினன் மவன். போன தடவ மனுப் போட்டவன் எனக்குப் பங்காளி. ஊட்டு ஆளுக்குக் குடுத்துட்டாங்கன்னு ஒரு சொல்லு வரக்கூடாது. கெடாவுக்குச் சொந்தமேது, பந்தமேது? தண்ணி ஊத்தினதும் ஒடம்பச் சிலுப்பித் துலுக்குனா உத்தரவு. கெணறு வெட்டறதுக்குக்கூட அப்படித்தான கேக்கறோம்?"

"ஒரு கெடாவ மட்டும் வெச்சு விஞ்ஞானத்துல முடிவு பண்ண மாட்டாங்க. இன்னொரு கெடாவுலயும் ஊத்திப் பாக்கோணுங்க."

"உனக்குத் தோதான கெடாவாப் பாத்துப் புடிச்சாந்தா அதுக்குப் பேரு சிபாரிசு" என்றார் பச்சமுத்து. சொந்த மாமாதான், முகத்தை மட்டும் நீதிபதிபோல வைத்திருந்தார்.

இதற்குள் கெடா கயிற்றுக் கட்டிலில் கிடந்த என் மனுவை இழுத்து மெல்ல ஆரம்பித்தது. நான் பாய்ந்தேன்.

"உடு தம்பி, படிக்குது" என்று தடுத்தார் சண்முகவேல். "நாங்க மூணு பேரும் மொதப் பக்கத்தையே தாண்டல. அது மூணாம் பக்கத்துக்குப் போயிருச்சு."

"பூச்சிப் படத்தையும் உடல பாருங்க" என்று வியந்தார் பச்சமுத்து.

"மழ வந்தா நனைஞ்சு தானாத் துலுக்குமுங்களே?" என்றேன், கடைசி நம்பிக்கையாக.

"அது செல்லாது" என்றார் முத்தாயம்மாள். "நாம ஊத்துன தண்ணிக்குத்தான் துலுக்கோணும். தூத்தல் உழுகறதுக்குள்ள."

மூன்றாவது சொம்பும் தீர்ந்தது. கெடா கடைசிப் பக்கத்தை மென்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தது. மலைப்பக்கமிருந்து மண்வாசனையோடு காற்று வீசியது. நான் மண்டியிட்டு, அதன் ஈரக் காதைத் தூக்கிப் பிடித்து, நிர்வாகிகளுக்குக் கேட்காதபடி சொன்னேன்:

"சாமி, ஒரே ஒருக்கா ஒடம்பத் துலுக்கி உடுங்க சாமி."