விஜயதசமியன்று ஆடிய சாணைக்கல்

ஒரு பொருள் பழுதாகிவிட்டால், நம்மவர்கள் முதலில் தேடுவது பழுதை அன்று. பழிபோட ஓர் ஆளைத்தான். வகுப்பறையில் உடைந்த நாற்காலி முதல் ஊராட்சிக் குழாய்வரை இதற்கு விலக்கே கிடையாது. சென்ற விஜயதசமியன்று, வடக்குப்பட்டில் என் வீட்டுக்கு அடுத்த மனையிலிருக்கும் கோதண்டராமனின் பட்டறையில், இந்தத் தேசிய வழக்கம் அதன் முழுப் பொலிவோடு நடந்தேறியதைக் கண்டேன்.

நான் அங்கே போனது என் அரிவாள்மணையைச் சாணை பிடிக்க. பூசணிக்காயை அதன்மேல் வைத்தால், காய் அறுபடுவதற்குப் பதிலாக உருளுகிறது என்று வீட்டில் புகார்.

பட்டறை என்பது தகரக் கூரையின் கீழே ஒரு லேத், ஒரு துளையிடும் எந்திரம், மேசைமேல் பொருத்திய ஒரு சாணை எந்திரம். கோதண்டராமனும் அவன் மனைவி சரோஜாவும் நடத்துகிறார்கள். சரோஜா முன்பு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றவள். இரண்டு ஷிப்டும் பார்த்து அலுத்து, வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தாள். ஆனால், பட்டறைக்கு நிலையான வேலை ஒன்றும் இன்னும் வந்தபாடில்லை. பழைய கம்பெனியோ அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. அன்று பிற்பகல் இன்னொரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவு அதிகாரி புருஷோத்தமன், தம் ஷிப்டுக்குப் போகும் வழியில் இங்கே வந்து சாணை எந்திரத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குத் திருப்தியானால், அந்தத் தொழிற்சாலையின் மழுங்கிய டிரில் பிட்டுகள் யாவும் இனி இங்கேதான் கூர்தீட்டப்படும். திருப்தியாகாவிட்டால், திங்கட்கிழமை முதல் சரோஜா மறுபடியும் கம்பெனிப் பஸ் ஏற வேண்டும். நல்ல காரியம் தொடங்கும் நாள் என்று அவள்தான் விஜயதசமியைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

அதற்கெனவே சிங்கப்பெருமாள் கோவிலில் தாவீது என்பவரின் கடையிலிருந்து புதிய சாணைக்கல் வாங்கி வந்திருந்தார்கள். ஆயுத பூஜையன்று காலையில், கோதண்டராமன் குளித்து முழுகி, தனியாக நின்று, அதைப் பொருத்தி மாலை சாத்தினான். பூஜை நாளில் எந்திரத்தை ஓட்டக் கூடாதென்பதால், மறுநாள்தான் முதன்முதலாகச் சுவிட்சைத் தட்டினான்.

கல் சுற்றியது. சுற்றியது மட்டுமன்று, பந்தியில் இடம் தேடுகிறவனைப்போல இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்து சாய்ந்து போயிற்று. நேராக நின்று பார்த்தால் கல்லின் விளிம்பு ஒரு கோடாகத் தெரிய வேண்டும். இதுவோ கலங்கலாக, இருவிரல் அகலத்துக்கு அகன்று தெரிந்தது. மேசைமேலிருந்த ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. நான் வந்து சேர்ந்தது அந்த வேளையில்தான்.

கோதண்டராமன் எந்திரத்தை நிறுத்திவிட்டு உடனே கைப்பேசியை எடுத்தான். எடுத்தவன் கல்லை ஒருமுறை கழற்றியாவது பார்த்தானா? இல்லை. கோணல் கல்லை விற்றுவிட்டதாகத் தாவீதை ஏசினான். தாம் விற்ற கல்லைத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஓசை கேட்ட பிறகே கொடுத்ததாக அவர் சொன்னாராம். ஓசை நன்றாயிருந்தால் கல்லில் விரிசலில்லை என்றுதான் பொருள், கோணலில்லை என்று பொருளாகுமா என்று இவன் கேட்டான். கேள்வி சரியானதுதான், கேட்ட தொனி கேட்கத் தக்கதாக இல்லை.

லேத்தில் நின்றிருந்த மணிகண்டபிரபுவுக்கு வேறொரு கட்சி. அவன் சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. இங்கே அறையெடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான். கல்லில் குற்றமில்லை, கல் மாட்டியிருக்கும் தண்டுதான் வளைந்திருக்கிறது, பட்டறையை மாற்றிய நாளில் கோதண்டராமன் எந்திரத்தைக் கீழே போட்டதைத் தான் கண்ணால் கண்டதாகச் சொன்னான். தான் போடவில்லை, இறக்கித்தான் வைத்ததாகக் கோதண்டராமன் சொன்னான். சற்று வேகமாக இறக்கி வைத்தீர்கள் என்றான் மற்றவன்.

தன் கட்சியை நிலைநாட்டக் கோதண்டராமன் அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கல்லின் முகத்தைச் சீவிச் சமன்செய்யும் பல்சக்கரக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, ஓடும் கல்லின்மேல் அழுத்தினான். பட்டறை முழுதும் புழுதி. கல்லின் வட்டத்தில் மேடு பள்ளம் இருந்தால், அதற்கு இது மருந்து. கல் பக்கவாட்டில் சாய்வது வேறு நோய்; முகத்தை எவ்வளவு சீவினாலும் அந்தச் சாய்வு போகாது. காலில் சுளுக்கு என்றால் தலைமுடியை வெட்டிவிடுவார்களா? நான் இதைச் சொன்னேன். அவன் இருமிக்கொண்டிருந்ததால், காதில் விழவில்லை போலும். புழுதி அடங்கியதும் பார்த்தால், கல் மிக அழகான வட்டமாகி, முன்போலவே ஆடியது.

சரோஜா தேநீரோடு வந்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். சுவரிலிருந்து எந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினாள்.

“அந்தாளு வர்ற நேரம் ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் கல்லுக்குப் பஞ்சாயத்து பண்ணிகினு கீறீங்க.”

“தாவீது ஏமாத்திட்டான்மே” என்றான் கோதண்டராமன்.

“இருய்யா. மொதல்ல கல்லக் கேப்போம்.”

தகடுகளில் அளவு குறிக்க வைத்திருந்த சாக்பீஸ் ஒன்றை எடுத்து, கல்லின் பக்கத்தை ஒட்டினாற்போல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கல்லை மெல்லச் சுற்றினாள். கல் எந்த இடத்தில் வெளியே சாய்ந்து வருகிறதோ, அந்த இடத்தில் மட்டும் வெள்ளைத் தடம் விழுந்தது. அதற்கு நேராகத் தண்டின் முனையிலும் ஒரு கோடு போட்டாள். பிறகு நட்டைத் தளர்த்தி, கல்லை மட்டும் பாதிச் சுற்றுத் திருப்பி, மீண்டும் இறுக்கிச் சுற்றினாள். கல் கோணலாயிருந்தால், சாக்பீஸ் மறுபடியும் பழைய வெள்ளைத் தடத்தின்மேல்தான் பட வேண்டும். பட்டதோ கல்லின் எதிர்ப்பக்கத்தில். தண்டில் போட்ட கோட்டுக்கு நேராகவே பட்டது. ஆக, கல் எப்படித் திரும்பினாலும் அதன் பின்னாலிருந்து ஏதோ ஒன்று அதே பக்கத்தில் அதைத் தள்ளுகிறது. தாவீது குற்றமற்றவர்.

மணிகண்டபிரபுவின் முகம் மலர்ந்தது. “நான் அப்பமே சொன்னம்லா அண்ணாச்சி. கம்பி வளைஞ்சுதான் கெடக்கு.”

சரோஜா கல்லைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுந்தண்டின்மேல் சாக்பீஸை வைத்துச் சுற்றினாள். சுற்றிலும் ஒரே சீராக வெள்ளை வளையம் விழுந்தது. மலர்ந்த முகம் லேத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

எஞ்சியது பிளாஞ்ச்தான், அதாவது, கல்லுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும் இரும்புத் தட்டு. சரோஜா அதன்மேல் கை வைத்ததுமே கோதண்டராமன் குறுக்கே வந்து நின்றான்.

“அத்தக் கழட்டாத.”

“இன்னாத்துக்கு?”

“வாணாம்மே. நல்ல நாளு.”

அவன் குரலில் அதுவரை இருந்த வீராப்பு போயிருந்தது. துருவித் துருவிக் கேட்டபின் விஷயம் வெளிவந்தது. போன ஆண்டு பூஜையில் எந்திரத்துக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தானாம்; அடுத்த மாதமே மோட்டார் எரிந்துபோயிற்றாம். சாமியை வாசலோடு நிறுத்திவிட்டோமே என்று அது அவன் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் இம்முறை கல் பொருத்துவதற்கு முன், தட்டையும் கழற்றி, எந்திரத்தின் உயிர் இருக்கும் இடம் என்று அவன் கருதிய தண்டின் தோளில், தட்டு வந்து பதியும் இடத்தில், சந்தனமிட்டு, குங்குமமும் வைத்து, அட்சதை தூவியபிறகே எல்லாவற்றையும் மாட்டி இறுக்கியிருக்கிறான். வைத்த பொட்டை விஜயதசமியன்று அழிப்பதா? அதுவும் சரோஜா தன் கையால் அழிப்பதா? அந்த இரண்டாவது கேள்வியை அவன் முடிக்கவில்லை. எங்களில் எவரும் சிரிக்கவுமில்லை.

சரோஜா சாக்பீஸை மேசைமேல் வைத்தாள்.

“திங்கக்கெழம காலைல நான் மறுபடி பஸ்ஸுக்கு நிக்கணும். அது மட்டும் நல்ல சகுனமா?”

அவன் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டான்.

“நான் அழிக்கலய்யா. எடம்தான் மாத்துறேன். நவுரு.”

அவன் நகர்ந்தான். தட்டைக் கழற்றியதும் தெரிந்தது: காய்ந்து கெட்டியாகிப்போன சந்தனம், அதன் நடுவே, அவ்வளவு இறுக்கத்துக்கும் மசியாமல் மஞ்சளாகக் கிடந்தது ஓர் அட்சதை அரிசி. அந்த ஓர் அரிசி தட்டைச் சாய்த்து, தட்டு கல்லைச் சாய்த்து, கல் ஒரு குடும்பத்தையே சாய்க்கப் பார்த்திருக்கிறது.

சரோஜா பிளேடால் சந்தனத்தை ஒரு துகளும் சிந்தாமல் சுரண்டி உள்ளங்கையில் எடுத்தாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அரிசியோடு சேர்த்து, கணவனின் நெற்றியில் அப்பினாள்.

“இங்க இருக்கட்டும். இங்க ஆட்டம் இருந்தா யாரும் புதுசா கேக்க மாட்டாங்க.”

தலையை அசைத்தால் விழுந்துவிடுமோ என்று கோதண்டராமன் கழுத்தை விறைத்துக்கொண்டான். மணிகண்டபிரபு மோட்டார் மூடியைச் சந்தேகத்தோடு பார்த்து, “அதுக்குள்ள தேங்கா கீங்கா ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?” என்று கேட்டான்.

தண்டின் தோளையும் தட்டையும் துணியால் துடைத்து, கல்லின் இருபுறமும் இருக்க வேண்டிய காகித வளையங்கள் கிழியாமலிருக்கின்றனவா என்று பார்த்து, நட்டைக் கைப்பலத்தைக் காட்டாமல் அளவாக இறுக்கினார்கள். எல்லாரும் ஒதுங்கி நின்றபின் சரோஜா சுவிட்சைத் தட்டினாள். கல் நின்ற இடத்திலேயே நின்று சுழன்றது. விளிம்பு, அடிக்கோலால் இழுத்த கோடுபோல் தெரிந்தது. ஸ்பேனர்கள் வாயை மூடிக்கொண்டன.

புருஷோத்தமன் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றியும் முகம் தளராத மனிதர். கொண்டுவந்த பெட்டியிலிருந்து மழுங்கிய டிரில் பிட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சரோஜா அதைத் தீட்டித் தந்தாள். அவரே அதைத் துளையிடும் எந்திரத்தில் மாட்டி, ஓர் இரும்புத் துண்டில் இறக்கினார். இருபுறமும் இரும்புச் சுருள் ஒரே அளவாகச் சுருண்டு வெளிவந்தது. தலையசைத்தார். அதன் பிறகுதான் அவர் பார்வை, எந்திர எண்ணெயும் சேர்ந்து கருமஞ்சளாகக் கோதண்டராமனின் நெற்றியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரும்பொட்டின்மேல் விழுந்தது.

“இன்னாங்க இது?”

கோதண்டராமனுக்குப் பொய் சொல்ல வராது. தேவையற்ற இடத்தில் உண்மை மட்டும் தாராளமாக வரும். தோளில் இட்ட சந்தனம் முதல் அட்சதை அரிசிவரை ஒன்றுவிடாமல் சொன்னான். சரோஜா கண்ணால் சாடை காட்டியும் பயனில்லை. வந்த வேலை போயிற்று என்றே நான் எண்ணினேன்.

புருஷோத்தமன் சிரிக்கவில்லை. நெடுநேரம் அந்த அரிசியையே பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், கைப்பேசியில் யாரையோ அழைத்தார். அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். தகரக் கூரைக்கு அந்த நாகரிகம் தெரியாது.

“பாபு, பூஜைலேர்ந்து அதிருதுன்னியே, அந்த கிரைண்டரு. மிஷின் கம்பெனிக்குக் கம்ப்ளைன்ட் போட்டுட்டியா? நிறுத்து. பின்னாடி பிளாஞ்சக் கழட்டிப் பாரு. சந்தனம் கீதா?”

பாபு கழற்றிப் பார்த்துச் சொல்லும்வரை அவர் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“யாரு வெச்சாங்கன்னு யாரையும் கேட்டுகினு திரியாத. நான்தான்.”

திரும்பி வந்தவர், பெட்டியை மேசைமேலேயே விட்டுவிட்டு, மிச்சப் பிட்டுகளையும் தீட்டி வைக்கும்படி சரோஜாவிடம் சொன்னார். திங்கட்கிழமை காலையில் கம்பெனி வண்டி வரும் என்றார். அந்தச் சொற்களைக் கேட்டுச் சரோஜா ஒரு கணம் திடுக்கிட்டதை நான் கண்டேன். அடுத்த பெட்டியை இறக்கிவிட்டு, இதை எடுத்துப்போக வரும் வண்டி என்று அவர் விளக்கியதும், அவள் தூக்கைத் திறந்து அவருக்குத் தேநீர் ஊற்றினாள். அது ஆறிப்போயிருந்தது. அவர் அதைக் குறையேதும் சொல்லாமல் குடித்தார்.

அவர் போனபின் கோதண்டராமன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். தாவீதிடம் மன்னிப்புக் கேட்கத் தனக்குக் கூச்சமாயிருப்பதாகவும், நான் பேசினால் மரியாதையாயிருக்கும் என்றும் சொன்னான். ஏசியது எவனோ, மன்னிப்பும் அவனே கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எண்ணை அழுத்தினான்.

என் அரிவாள்மணையை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புதுக் கல்லில் பெட்டி முழுதும் தீட்டி முடித்தபின்தான் மற்றவை என்று சரோஜா கறாராகச் சொல்லிவிட்டாள். பூசணிக்காய் வீட்டில் இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது.